ஷோகேஸில் நின்ற போத்தல்

நான் ஓய்வு பெற்ற அன்று ஹோட்டலில் எனக்கு ஒரு சிவப்பு வைன் போத்தல் பரிசாகத் தந்தார்கள். மாலை போட்டு, கேக் வெட்டி, படமெடுத்து, ரிபன் கட்டிய பெட்டிக்குள் வைத்துத் தந்தார்கள். அதன் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதலில் ஷோகேஸைத்தான் பார்த்தார்கள். அங்கே என் மனைவி ஜெசிந்தாவின் பீங்கான் வாத்துகளும் மகன் ஓட்டப்போட்டியில் வென்ற கிண்ணங்களும் மட்டும் இருப்பதைக் கண்டுவிட்டு, "எங்க அந்தப் போத்தல்?" என்று கேட்டார்கள். அடுத்த ஞாயிறு மத்தியானமே மாட்டிறைச்சிப் பிரட்டலோடு குடித்து முடித்துவிட்டோம் என்றேன். வீட்டுக் காணியை விற்றுத் தின்றவனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

"இவ்வளவு காலமும் வைன் அறைக்குப் பொறுப்பா இருந்த ஆள். உங்களுக்கு ஒரு போத்தல வச்சிரிக்கத் தெரியல்லயே" என்று மைத்துனர் முகத்துக்கு நேரே சொன்னார். வைத்திருக்கத் தெரிந்ததால்தான் குடித்தேன் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அவருடைய ஷோகேஸில் நிற்கிற போத்தல்களின் கதை எனக்குத் தெரியும். பாவம், இருக்கட்டும்.

இப்போது எங்கள் ஹோட்டலில் பார், சுகந்தி என்ற பிள்ளையின் பொறுப்பில் இருக்கிறது. என் காலத்தில் பெண்பிள்ளைகளை பாருக்குள் நிற்கவே விடமாட்டார்கள். சுகந்தி வரவேற்பு மேசையில் இருந்துகொண்டு, வைன் பெட்டிகள் இறங்கும்போதெல்லாம் எட்டி எட்டிப் பார்ப்பாள். இன்று அவள் சொல்லாமல் அங்கே ஒரு தக்கை கழலாது. எனக்கு அதில் மெத்தச் சந்தோசம். போன கிழமை அவள் போன் எடுத்தாள்.

"அண்ணன், திறக்காத வைன் எவ்வளவு காலத்துக்கு இரிக்கும்? வாற ஆக்கள் எல்லாரும் கேக்காங்க. ஒரு வசனத்துல செல்லுங்க."

ஒரு வசனத்தில் சொல்ல எனக்கு வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். பிறகு உட்கார்ந்து எழுதத் தொடங்கியதுதான் இது.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிக்கூடம் முடிந்த கையோடு கொழும்புக்குப் போய் ஒரு ஹோட்டலில் மேசை துடைத்தேன், தட்டுத் தூக்கினேன், பாரில் கிளாஸ் கழுவினேன். நாட்டில் சண்டை முடிந்து, இங்கே மட்டக்களப்பு வாவிக்கரையில் புது ஹோட்டல் திறந்தபோது ஊருக்குத் திரும்பி வந்து சேர்ந்தேன். அங்கேதான் எல்மோ சேர் இருந்தார். மிச்சம் முழுவதும் அவரிடம் கற்றதுதான்.

எல்மோ சேர் எங்கள் உணவகத்துக்கும் பாருக்கும் மேலாளர். மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் எப்போதும் மடித்த கைலேஞ்சி. அவர் ஓடி நான் பார்த்ததில்லை, கத்திக் கேட்டதுமில்லை. கோபம் வந்தால் ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற கிளாஸ் ஒன்றை எடுத்து அந்தக் கைலேஞ்சியால் மெதுவாகத் துடைக்கத் தொடங்குவார். அவர் கையில் கிளாஸைக் கண்டதும் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடி, எங்கே பிழை விட்டோம் என்று தேடுவோம். வைனைப் பற்றி ஆட்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் பேசுவார். கெட்டுவிட்டது என்று சொல்லவே மாட்டார். "ஆள் களைச்சிட்டார்" என்பார். அதற்கும் மேலே போனால் "முடிஞ்சிட்டார்" என்பார். அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து வைன் லொறியில் வரும். பொலன்னறுவைப் பக்கத்து வெயில் முழுவதையும் குடித்துக்கொண்டு வரும். பெட்டியை இறக்கியதும் எல்மோ சேர் கையொப்பம் வைக்கமாட்டார். ஒரு பெட்டியைத் திறந்து, நடுவில் இருக்கிற போத்தலை எடுத்து, காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைப்பார். பிறகு கழுத்தின் மேல் விரலை ஓட்டுவார். சூடு பட்ட வைன் உள்ளே பொங்கித் தக்கையை மேலே தள்ளும். விரலுக்கு அது மேடாகத் தெரியும். கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தால் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வைன் எதுவரை நிற்கிறது என்று பார்ப்பார். கழுத்துக்குள் நின்றால் நல்லது. தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால், போன அளவுக்குக் காற்று உள்ளே வந்திருக்கிறது.

ஒருமுறை லொறிக்காரர் சாப்பிடப் போன நேரம் லொறி வெயிலில் நின்றிருக்கிறது. தக்கைகள் எல்லாம் தலை நீட்டிக்கொண்டு வந்தன. எல்மோ சேர் எடுக்கமாட்டேன் என்றார். லொறிக்காரருக்கு எரிச்சல்.

"சேர், ஒண்டும் திறக்கவே இல்ல. மூடினது மூடின மாதிரியே இரிக்கு. எப்பிடிப் பழுதாகும்?"

"நீங்களும் சட்டையக் கழட்டாமத்தான் வந்திரிக்கீங்க. உங்களுக்கு வெயில் படல்லயா?"

லொறிக்காரர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். நனைந்து நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அவரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். பெட்டிகள் திரும்பிப் போயின. அவருக்கு எல்மோ சேர் குளிர்ந்த தோடம்பழச் சாறு ஒரு கிளாஸ் குடிக்கக் கொடுத்துத்தான் அனுப்பினார்.

எடுத்த போத்தல்கள் வைன் அறைக்குப் போகும். யன்னல் இல்லாத அறை. எந்த நேரமும் ஏசி. தக்கை போட்டவற்றைப் படுக்க வைப்போம். படுத்தால்தான் வைன் தக்கையைத் தொட்டு நனைத்துக்கொண்டிருக்கும். நிமிர்ந்து நின்றால் தக்கை காயும், சுருங்கும், இடுக்கால் காற்று போகும். திருகு மூடி போட்டது எப்படி நின்றாலும் பரவாயில்லை. வெங்காயம், கருவாடு எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஜெனரேட்டரின் அதிர்வு சுவரில் தெரிந்தால்கூட எல்மோ சேர் கைலேஞ்சியை எடுத்துவிடுவார்.

சுகந்தி, உனக்கு வேண்டிய பதில் இனித்தான் வருகிறது. உலகத்தில் செய்கிற வைனில் பெரும்பங்கு சீக்கிரம் குடிப்பதற்காகச் செய்தது. வெள்ளை வைன் என்றால் ஒன்றிரண்டு வருடம். சாதாரணச் சிவப்பு இன்னும் கொஞ்சம் கூடத் தாங்கும். வைக்க வைக்க நல்லாகிற சிவப்பு வைனும் உண்டு. பத்து வருடம், அதற்கு மேலும் போகும். ஆனால் அது கொஞ்சம்தான், அதுவும் குளிரிலும் இருட்டிலும் படுத்துக் கிடந்தால்தான். இந்தக் கணக்கெல்லாம் குளிர்நாட்டுக் கணக்கு. எங்கள் வெக்கையில் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிடு. லேபலில் இருக்கிற வருடம் காலாவதித் திகதி அல்ல, திராட்சை ஆய்ந்த வருடம். பழையதைக் குடித்தால் செத்துப்போவோமா என்றும் கேட்பார்கள். அப்படி ஒன்றும் நடக்காது, ருசிதான் செத்திருக்கும்.

நாடு இருளில் கிடந்த அந்த நெருக்கடிக் காலத்தில் எங்கள் ஏசியும் நின்றது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. நான் போத்தல்களைப் போர்த்த ஈரச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எல்மோ சேர் நல்ல சிவப்பு வைன் சிலவற்றை மட்டும் படிக்கட்டுக்குக் கீழே சாக்குக்குள் படுக்க வைக்கச் சொன்னார். மற்றவற்றைக் கிளாஸ் கிளாஸாக விற்கச் சொன்னார். "வச்சிக் காப்பாத்த ஏலாததக் குடுத்துக் காப்பாத்துவம்" என்றார். வந்த சில விருந்தாளிகள் மெழுகுதிரி வெளிச்சத்தில், வேறு காலத்தில் வாங்கவே யோசிக்கிற வைனை ஆளுக்கொரு கிளாஸ் குடித்தார்கள். நட்டம் நட்டம்தான். ஆனாலும் அந்தக் கிழமைகளில் எங்கள் உணவகத்தில் இருந்த முகங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோசமாக இருக்கிறது.

விளக்குகள் திரும்ப எரியத் தொடங்கிய பிறகுதான் பிலோமினாக்கா வந்தார்.

புளியந்தீவில் தையல் கடை வைத்திருக்கிறவர். கண்டிப்பான மனுசி, ஊசி போலப் பேசுவார். அன்று சீலைத் துண்டில் சுற்றிய ஒன்றைப் பிள்ளையைத் தூக்குவது போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். மேசையில் வைத்துப் பிரித்தார். ஒரு சிவப்பு வைன். லேபலில் கோபுரம் வைத்த கட்டடம் ஒன்றின் படம், வெளிறிப்போய் இருந்தது.

அவருடைய தம்பி அன்ரன் சண்டைக் காலத்தில் சுவிஸுக்குப் போனவர். போன புதிதில் ஊருக்கு வந்த ஒருவரிடம் அந்தப் போத்தலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டிருந்தார். அம்மா அதைத் திறக்கவில்லை. மகன் வரட்டும், வந்தால் அவனோடு இருந்து குடிப்போம் என்று ஷோகேஸில் வைத்தார். அம்மா இருக்கும்வரை மகனால் வர முடியவில்லை. அகதி வழக்கு முடியாமல் கிடந்தது. செத்தவீட்டுக்கும் வர இயலவில்லை. அன்று போனில் பிலோமினாக்கா, "அம்மாவ விட உனக்குக் காயிதம் பெருசாப் போச்சா?" என்று கேட்டுவிட்டார். அதன் பிறகு அக்காவும் தம்பியும் பெருநாளுக்கு ஒரு வார்த்தை, பிறந்தநாளுக்கு ஒரு வார்த்தை என்று பேசிக்கொண்டு காலத்தைக் கடத்தியிருக்கிறார்கள். இப்போது வழக்கெல்லாம் முடிந்து அன்ரன் குடும்பத்தோடு வருகிறார். சனிக்கிழமை எங்கள் ஹோட்டலில் இராச்சாப்பாடு.

"அம்மா வச்சிட்டுப் போனது. அவன் முன்னுக்கு இதத் திறக்கோணும்" என்றார். "நல்லா இரிக்கும்தானே?"

எல்மோ சேர் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய போத்தலோடு யார் வந்தாலும் அவர் கேட்கிற கேள்விகள் மூன்று. டாக்டர் கேட்பது போலக் கேட்பார்.

"எங்க இருந்திச்சு அக்கா?"

"ஹோல்ல, ஷோகேஸ்ல."

"நிண்டதா, கிடந்ததா?"

"நிண்டதுதான். படுக்க வச்சா லேபல் எப்பிடித் தெரியும்?"

"வெளிச்சம் பட்டிச்சா?"

பிலோமினாக்காவின் முகம் மலர்ந்தது. "ஏன் படாம? உள்ளுக்கு லைட் போட்ட ஷோகேஸ். நத்தாருக்கு நத்தார் அம்மா இத எடுத்துத் துடைச்சி, தம்பிட படத்துக்குப் பக்கத்துல வச்சி, கலர் பல்ப் சுத்தி விடுவா. ரா முழுக்க எரியும். அவ போன பிறகு நான் ஒரு வருஷமும் விடல்ல."

எல்மோ சேர் என்னைப் பார்த்தார். நான் போத்தலை வெளிச்சத்தில் பிடித்தேன். தோளுக்கும் கீழே இறங்கியிருந்தது. சிவப்பு போய்த் தேயிலைச் சாயம் போல இருந்தது. அந்தத் தாய் கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் பல்ப் சுற்றி அதைச் சுடவைத்திருக்கிறார். அவ்வளவு பாசமாக ஒரு வைனைக் கொன்றதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கெட்ட செய்தியை மேசையில் சொல்லாதே, வாசலிலேயே சொல் என்பது எல்மோ சேரின் சட்டம். விருந்தாளிகள் முன்னால் ஒருவர் வெட்கப்படக்கூடாது. அதனால் அவரே அப்போது சொன்னார்.

"அக்கா, ஆள் முடிஞ்சிரிப்பார். குடிக்கலாம், ஒண்டும் செய்யாது. ஆனா ருசி இராது."

"திறக்காம எப்பிடித் தெரியும்? நீங்க என்ன சாத்திரியாரா?"

"திறந்துதான் பாக்கோணும். நல்லா இருந்தா எனக்கும் சந்தோசம். ஆனா அப்பிடி நினைச்சிட்டு வராதீங்க."

பிலோமினாக்கா போத்தலைக் கையில் எடுத்துத் திரும்ப வைத்தார். யன்னலுக்கு அப்பால் வாவியில் ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, இதுக்குள்ள இரிக்கிறத ஊத்திட்டு, வேற நல்லது ஒண்டு நிரப்பி வைக்க ஏலாதா? அவனுக்குத் தெரியவே தேவல்ல. அம்மா வச்சிரிந்தது பழுதாப் போச்சு எண்டு அவன் நினைக்கக்கூடாது. நானும் பாக்காம விட்டுட்டன் எண்டு நினைச்சிருவான்."

எனக்குச் சரி என்றுதான் வாயில் வந்தது. எல்மோ சேர் முந்திக்கொண்டார்.

"செய்யலாம் அக்கா. லேசான வேலை. ஆனா 'அம்மா வச்ச வைன் என்ன ருசி' எண்டு அவர் செல்லுற ஒவ்வொரு தரமும் நீங்க தலையாட்டிக்கிட்டு இரிக்கோணும். போன்லயும் ஆட்டோணும்."

பிலோமினாக்கா சீலைத் துண்டை எடுத்து மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். "எனக்கு அது ஏலாது" என்றார். "இரிக்கிற மாதிரியே திறங்க."

சனிக்கிழமை அவர்கள் வந்தார்கள். அன்ரனுக்குத் தலை நரைத்திருந்தது. மனைவியும் பிள்ளைகளும் வாவியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தம்பியும் மேசையின் ஒரே பக்கத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள்; அப்படி இருந்தால் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. சாப்பாடு, வெயில், விமானப் பயணம் என்று சுற்றிச் சுற்றிக் கதைத்தார்கள். நான் போத்தலைக் கொண்டுபோய் வைத்தேன்.

அன்ரன் அதைக் கண்டதும் கையிலிருந்த கரண்டியை வைத்தார். "இது... இன்னும் இரிக்கா?"

"அம்மா நீ வந்தாத்தான் திறக்கிறதெண்டு வச்சிரிந்தவ" என்றார் அக்கா.

காய்ந்த தக்கைக்குத் திருகுகம்பி சரிவராது, உள்ளே தூளாகிவிடும். இரண்டு மெல்லிய தகடு வைத்த ஓப்பனரைத் தக்கையின் இரு பக்கமும் ஆட்டி ஆட்டி இறக்கி, திருகிக்கொண்டே மெதுவாக மேலே இழுக்க வேண்டும். அப்படி இழுத்தும் பாதி வழியில் முறிந்தது. மிச்சத்தை உள்ளே தள்ளி, மெல்லிய துணியால் வடித்தேன். எல்மோ சேர் சொல்லியிருந்தபடி சின்னக் கிளாஸ்களில் ஒரு வாய் அளவுக்கு மட்டும் ஊற்றினேன். வாசம் எனக்கு வந்தது. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி, அதற்குப் பின்னால் புளித்த வினாகிரி.

அன்ரன் குடித்தார். கண்ணை மூடினார். முகம் ஒருமுறை சுருங்கி விரிந்தது. பிலோமினாக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன்; பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளையின் பார்வை அது. எல்மோ சேர் தூரத்தில் நின்று ஒரு கிளாஸைத் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

"அக்கா" என்றார் அன்ரன். "அம்மா இதக் குடிக்காமப் போனது நல்லம் கா."

பிறகு பிலோமினாக்கா சிரித்தார். அவருடைய தையல் கடையில் யாரும் கேட்டிராத சிரிப்பு. சிரித்துச் சிரித்து அது அழுகையாகி, தம்பியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அன்ரனும் அழுதார். பிள்ளைகள் படமெடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"அப்ப நான் ஒரு கடையில கோப்பை கழுவினன்" என்று அவர் பிறகு சொன்னார். "முதல் சம்பளத்துல வாங்கினது. வைன் ருசி எனக்கும் தெரியா. கீழ்த் தட்டுல இருந்திச்சு, லேபல்ல கோயில் படம் போட்டிருந்திச்சு, அம்மாக்குப் புடிக்கும் எண்டு எடுத்தன். வந்த உடனே குடிங்க எண்டு சொல்லித்தான் குடுத்துவிட்டன். மறுகா, கன காலத்துக்குப் பிறகுதான் தெரியும், அது கோயிலும் இல்ல, ஆரோ பணக்காரன்ட வீடு."

"வீடா?" என்றார் பிலோமினாக்கா. "அம்மா அதுக்கு எத்தின நத்தாருக்குப் பல்ப் போட்டவ."

திரும்பவும் சிரித்தார்கள். சின்னக் கிளாஸில் மிச்சமிருந்ததை அக்காவும் தம்பியும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்து முடித்தார்கள். வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அன்ரன் பையிலிருந்து இன்னொரு போத்தலை எடுத்தார். "இது பாத்து வாங்கினது. உனக்குத்தான் கா" என்று அக்காவின் கையில் கொடுத்தார். பிலோமினாக்கா அதை வாங்கி, லேபலைப் பார்த்து, மடியில் கிடந்த அதே சீலைத் துண்டை எடுத்துச் சுற்றத் தொடங்கினார். பழக்க தோசம். சுற்றிக்கொண்டே என்னைக் கேட்டார்.

"தம்பி, இத எவ்வளவு காலத்துக்கு வைக்கலாம்? இந்த முறை படுக்க வச்சிரிப்பன். லைட்டும் போடமாட்டன்."

நான் வாங்கிப் பார்த்தேன். நல்ல வைன். தக்கை மேலே தள்ளாமல் சமமாக இருந்தது. வைன் கழுத்துக்குள் நின்றது. பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

"குளிரில, இருட்டில படுத்தா பத்து வருஷம் போகும் அக்கா" என்றேன். "தம்பி எவ்வளவு நாளைக்கு நிப்பார்?"

"வியாழக்கிழமை போறான்" என்றார்.

சொல்லிவிட்டுக் கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். சுற்றிய துணியை ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, போத்தலை என் பக்கம் தள்ளினார்.

"திறங்க" என்றார்.

நான் திருகுகம்பியை எடுத்தேன். ஒரே இழுவையில் தக்கை முழுசாக வந்தது.